தகரத்துக்குத் தையல் விட்ட கதை

"உள்ள பூராம் பஞ்சுங்க சார். இதுக்கு வாரண்டி வராதுங்க."

போன வெள்ளிக்கிழமை காலை, ஏசி குளிரும் ஒரு சர்வீஸ் சென்டரில் எனக்குச் சொல்லப்பட்ட தீர்ப்பு இது. சொன்னவர் கழுத்தில் அடையாள அட்டை, கையில் டார்ச். மேஜை மேல் வயிறு திறந்து கிடந்தது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்.

எட்டிப் பார்த்தேன். பின்பக்க விசிறி சுற்ற முடியாமல் பஞ்சில் புதைந்திருந்தது.

"வைகாசியில வாங்குனதுங்க. இப்ப ஐப்பசி. வருசங்கூட ஆகல."

தேதி விஷயத்தில் என்னிடம் வம்பு வைத்துக்கொள்ள முடியாது என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பல்பு மாட்டினால் பக்கத்துச் சுவரில் தேதி எழுதுகிறவன் நான். ஊறுகாய் ஜாடியிலும் எழுதுவேன். கம்ப்யூட்டரின் அடியிலும் மார்க்கரால் எழுதியிருந்தேன். புரட்டிக் காட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"தேதி பிரச்சினை இல்லீங்க சார். பஞ்சுதான் பிரச்சினை. தூசி இல்லாத எடத்துல வெக்கோணும்னு புக்குலயே போட்டிருக்குதுங்க."

"ஏனுங்க, உங்க சென்டர் எந்த ஊர்ல இருக்குது?"

"திருப்பூருங்க."

"திருப்பூர்ல பஞ்சு பறக்காம பவளமா பறக்கும்?"

சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். சிரித்து முடித்து, "நான் என்னங்க சார் பண்றது... கம்பெனி ரூல்ஸுங்க" என்று மூடியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அந்தப் 'புக்கை' வீட்டுக்கு வந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். (எதையும் பாதியில் விடும் பழக்கம் எனக்கு இல்லை.) குளிர்ந்த, காற்றோட்டமான, தூசியற்ற இடத்தில் வைக்க வேண்டுமாம். அப்படி ஓர் இடம் இந்தப் பக்கம் இருந்தால், கம்ப்யூட்டரை ஏன் வைக்கிறேன்? நானே போய் உட்கார்ந்துகொள்ள மாட்டேனா?

எங்கள் வீடு திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில். சுவரை ஒட்டி ஒரு நிட்டிங் யூனிட். நூல் உள்ளே போகும், துணியாக வெளியே வரும், இடையில் உதிர்கிற பஞ்சு எங்கள் வீட்டுக்கு வரும். கறிவேப்பிலைச் செடியில் பஞ்சு. மூக்குக்கண்ணாடியில் பஞ்சு. காலையில் பால் பாத்திரத்தை மூட மறந்தால் அதிலும் பஞ்சு. நாங்கள் யாரும் இதைக் குறையாகச் சொல்வதில்லை. இந்த ஊரின் சோறு அதில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன் — எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் இன்று போட்டிருக்கிற பனியன் எந்த ஊரிலிருந்து போனது? பனியன் வேண்டும், பனியன் துணி பின்னும்போது பறக்கிற பஞ்சு மட்டும் வாடிக்கையாளரின் குற்றமா?

எனக்காக மட்டும் இந்தக் கோபம் என்றால் நான் ஒரு டீ குடித்துவிட்டு விட்டிருப்பேன். அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையது அல்ல. என் மனைவி மகேஸ்வரியின் வேலை அதில் இருக்கிறது.

மகேஸ் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு சட்டையின் கை இவ்வளவு, கழுத்து இவ்வளவு என்று அட்டையில் அளவு வெட்டிக் கொடுக்கிறவர். இப்போது அதையே கம்ப்யூட்டரில் வரைகிறார். போன வருடம் முழங்கால் தேய்ந்து, மூன்றாவது மாடியில் இருக்கிற சாம்பிள் செக்ஷனுக்கு ஏற முடியாமல் போயிற்று. வேலையை விட்டுவிடலாம் என்றிருந்தபோது, "ஊட்டுல இருந்தே பண்ணுங்க மேடம்" என்றார் மேனேஜர். அதற்காக வாங்கியதுதான் இந்தப் பெட்டி.

பெட்டி சூடேறி, வேலைக்கு நடுவில் தானாக அணைய ஆரம்பித்தது. ஒரு முறை ஃபைல் தாமதமானது. மறுமுறையும் ஆனது. மேனேஜர் போனில் தன்மையாகத்தான் பேசினார். தன்மையாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும் என்பது இந்த ஊரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"குழந்தைங்க டீ-சர்ட்டுங்க மேடம். திங்கக்கெழமை காலைல எல்லா சைஸும் வந்தறோணும். இந்தத் தடவையும் லேட்டாச்சுன்னா... வேற ஆளு பாத்துக்கறனுங்க. இல்லீன்னா நீங்க மேல வந்து பண்ற மாதிரி பாருங்க."

மேல! மூன்று மாடி. அந்த முழங்காலோடு.

வெள்ளிக்கிழமை மாலை கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். காற்று நன்றாகப் போய் வரும் வெறும் பெட்டி ஒன்று கொடுங்கள், உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். கடைக்காரர் வரிசையாகக் காட்டினார். எல்லாம் கண்ணாடி! முன்னால் கண்ணாடி, பக்கத்தில் கண்ணாடி, உள்ளே தேர்த் திருவிழா போல சிவப்பு, பச்சை, நீலம்.

"காத்து எதுலீங்க போகும்?"

"அது... ஓரத்துல சின்னதா ஒரு சந்து இருக்குதுங்க சார். லைட்டு பாருங்க, ரிமோட்லயே மாத்திக்கலாம்."

லைட்டை வைத்து என்ன செய்ய? மூச்சுவிடச் சந்து கேட்டால் முகத்துக்குப் பவுடர் பூசித் தருகிறார்கள். உழைக்கிற பெட்டி என்று ஒரு ஜாதியே இப்போது இல்லையா? எல்லாம் வரவேற்பறையில் உட்காரப் பிறந்ததா?

கோபத்தில் பெரிய விசிறி இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்று செத்துப்போன பழைய விசிறிக்குப் பதில். இன்னொன்றுக்கு — பெட்டியின் பக்கத் தகரத்தில் நானே ஒரு ஓட்டை போடுவது என்று முடிவு செய்தேன். வாரண்டிதான் இல்லை என்றாகிவிட்டதே, இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

பெட்டியை வெட்டி அழகு பார்ப்பதை உலகம் முழுக்க ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள் என்பது அன்று வீடியோக்களில்தான் தெரிந்தது. டிராகன் உருவத்தில் ஜன்னல் வெட்டுகிறார்கள். உள்ளே மீன்தொட்டி வைக்கிறார்கள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஓட்டை. இதில் என்ன பெரிய வித்தை?

சனிக்கிழமை காலையில் மகேஸின் தம்பி செந்தில் தகரம் வெட்டும் கிரைண்டரோடு வந்தார். அவிநாசிபாளையம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வாய் அந்தப் பட்டறையைவிடச் சத்தம்.

"மச்சான், பேனா புடிக்கற கையி. நான் வெட்டித் தர்றன், நீங்க அக்கட்ட உக்காந்து தேதி எழுதுங்க."

"நானே பாத்துக்கறன், மாப்ள. நீ மெசினை வெச்சுட்டு பட்டறைக்குக் கெளம்பு."

"வெரலு பத்தரமுங்க. வெட்டுப்பட்டா அது ஒட்டாது."

போய்விட்டார்.

முதலில் பெட்டியைப் பிரித்து பிரஷால் சுத்தம் செய்தேன். செத்த விசிறிக்குப் பின்னாலிருந்து பஞ்சு தூளாக வரவில்லை — முழுத் துண்டாக, சதுரமாக, உரித்த தோசை போல வந்தது. மகேஸ் அதை வாங்கி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு துணியின் கனம் சொல்கிற கை அது.

"எரநூறு ஜிஎஸ்எம் வருமுங்க. ஸ்வெட்டரே தெச்சுப் போடலாம்."

சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அந்தத் துண்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவசரம். பின்பக்கம் ஒரு புது விசிறியை மாட்டிவிட்டு, இன்னொன்றைக் கையில் எடுத்தேன்.

"மகேஸ், இந்த விசிறிக்கு ஒரு பேட்டர்ன் வெட்டிக் குடு. தகரத்து மேல வெச்சு வரைஞ்சுக்கறன்."

விசிறியின் வெளிச்சட்டம் சதுரம். அட்டையில் வைத்து, பென்சிலை ஓட்டினார். ஓட்டும்போதே கேட்டார்: "ஏனுங்க, இது சுருங்குமுங்களா?"

"தகரம் எங்கயாச்சும் சுருங்குமா?"

"செரி, அப்ப ஷ்ரிங்கேஜ் வேண்டாம்."

எவ்வளவு கவனமான பெண்மணி என்று பெருமைப்பட்டேன். அட்டையைத் தகரத்தில் வைத்துக் கோடு போட்டேன். அளவை ஸ்கேலால் சரிபார்த்தேன். மறுபடி சரிபார்த்தேன். அட்டைக்கும் கோட்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. வாசலில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டிக்கொண்டு, கிரைண்டரை வைத்தேன்.

அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல... எதிர்வீட்டு நாய் இன்றுவரை எங்கள் வாசலுக்கு வரவில்லை. நெருப்புப்பொறி பறந்து, என் வேட்டியில் குண்டூசித் துளைகள். ஒரு பக்கம் நேராக வந்தது. மறுபக்கம் ஆற்றோரம் போல வளைந்தது. ஆனாலும் வெட்டி முடித்தேன். முடித்தவுடன் எழுந்து நின்று மூச்சு வாங்கியபோது வந்த பெருமை இருக்கிறதே — முதல் கட்டுரை அச்சில் வந்த அன்றுகூட அப்படி வரவில்லை.

தகரத்தைப் பெட்டியில் மாட்டி, ஓட்டையில் விசிறியை வைத்தேன்.

டொப்.

விசிறி உள்ளே விழுந்துவிட்டது.

எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடி டொப். சுற்றிலும் கால் இஞ்ச் இடைவெளி! நான்கு மூலையிலும் திருகு போடத் தகரமே இல்லை.

"மகேஸ்! இது விசிறியவிடப் பெருசா இருக்குது!"

"பெருசாத்தாங்க இருக்கும். தையலுக்கு விட்டிருக்கறனில்ல?"

"என்னது?"

"கால் இஞ்ச் சுத்தியும் தையலுக்குங்க. விடாம வெட்டுனா பீஸு சின்னதாப் போயிருமுங்க."

சொல்லிவிட்டுத்தான் தகரத்தைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

சுருங்குமா என்று கேட்டவர், தையலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தையலுக்கு விடாமல் எதையும் வெட்டக்கூடாது என்பது மகேஸின் கைக்குள் இறங்கிவிட்ட பாடம். சரி, நானாவது கண்டுபிடித்தேனா? அட்டையையும் தகரத்தையும் ஒப்பிட்டேன். தகரத்தையும் விசிறியையும் ஒப்பிட்டேனா? மேலும் — இது வீடியோவை மறுபடி பார்த்தபோதுதான் புரிந்தது — சட்டம் சதுரமாக இருந்தாலும், ஓட்டை வட்டமாக, இறக்கை சுற்றும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் சட்டம் தகரத்தில் நிற்கும். தையல் விடாமல் வெட்டியிருந்தாலும் விசிறி விழுந்துதான் இருக்கும்!

செந்தில் கிரைண்டரை எடுக்க வந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"மச்சான், இது விசிறிக்கு ஓட்டையா, பூனைக்கு வாசப்படியா?"

"உங்க அக்காவக் கேளு."

"அக்கா, மச்சான் மூளைக்கும் ஒரு கால் இஞ்ச் விட்டு வெச்சுருக்கலாம். படைச்ச சாமி அவசரப்பட்டுருச்சு."

கோபத்தில் நான் கிரைண்டரைக் காலில் போட்டுக்கொள்ளாததே பெரிய காரியம். கோபம் அவர்மேல் இல்லை. ஆயிரமாயிரம் பெட்டி செய்கிற கம்பெனி, ஒரே ஒரு வட்ட ஓட்டையைப் போட்டு அனுப்பியிருந்தால் ஒரு குடும்பம் சனிக்கிழமை முழுக்க இப்படி வாசலில் உட்கார்ந்து சிரிப்புக்கு இடமாகுமா?

மகேஸ் அதற்குள் எழுந்து உள்ளே போய், பேட்டர்ன் வெட்டுகிற தடித்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றை எடுத்து வந்தார்.

"சட்டை கிழிஞ்சா என்னங்க பண்றோம்? ஒட்டுப் போடறோம். இதுக்கும் போட்டுறலாம்."

இந்த முறை இறக்கை சுற்றும் வட்டத்தை மட்டும் வரைந்து வெட்டினார். அதன் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'தையல் இல்லை' என்று எழுதினார் — எனக்கா, தனக்கா தெரியவில்லை. ஓட்டையை மூடும்படி அட்டையை நட்டு போட்டு முடுக்கி, அதில் விசிறியை மாட்டினேன். நின்றது! சுவிட்சைப் போட்டதும் சுற்றியது. ஒட்டுப் போட்ட ஜிப்பாவோடு கல்யாணத்துக்கு வந்த மாமனைப் போல பெட்டி கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுத்த வேலை. விசிறி காற்றை உள்ளே இழுத்தால் பஞ்சையும் சேர்த்துத்தானே இழுக்கும்? வடிகட்டத் துணி வேண்டும். துணிக்கா இந்த வீட்டில் பஞ்சம்? மகேஸின் சாம்பிள் துணி மூட்டையில் கைவிட்டு, இருப்பதிலேயே தடிமனான துணியை எடுத்தேன். குளிர்நாட்டுக்குப் போகிற ஸ்வெட்டர் துணி. தடிமன் கூடினால் பாதுகாப்பு கூடும் — சரியான தர்க்கம்தானே? கட்டிவிட்டேன். மகேஸ் வேலைக்கு உட்கார்ந்தார். முதல் சைஸ் முடிந்தது. இரண்டாவது சைஸின் கையை வரைந்துகொண்டிருந்தபோது, விசிறி முக்கியது, முனகியது.

பெட்டி அணைந்தது.

மகேஸ் மௌஸின் மேல் வைத்த கையை எடுக்காமல், கறுத்துப்போன திரையையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மூணு மாடிங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவ ஏறி எறங்குனாப் போதும்னாக்கூடப் பரவால்ல. சாப்பாட்டுக்கு எறங்கோணும்..."

அந்த நேரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி நிட்டிங் யூனிட் சுவரில் எறிந்திருப்பேன். எறிந்திருந்தால் பஞ்சில் விழுந்து அடிபடாமல் பிழைத்திருக்கும், அது வேறு!

மகேஸே எழுந்து துணியை அவிழ்த்தார். முகத்தில் வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இதைய உங்க மூஞ்சில கட்டுனா நீங்க வேலை செய்வீங்களா?"

மூட்டையிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து, முகத்தில் வைத்து மூச்சு இழுத்தார். கடைசியில் ஃபுட்பால் ஜெர்ஸிக்குப் போகிற, பொடிப்பொடித் துளை போட்ட பாலியஸ்டர் துணியில் நின்றார். "காத்து வருது. பஞ்சு வராது. இதுவா உதிரவும் உதிராது." தையல் மெஷினில் உட்கார்ந்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற தொப்பி மாதிரி ஒன்றைத் தைத்துவிட்டார். பின்பு இன்னொன்று.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு ஒடம்புல, ஒண்ணு கொடியில. தொவைக்க வேண்டாமுங்களா?"

அதில் தையலுக்குச் சரியாக விட்டிருந்தார்.

மாட்டினோம். மதியமாயிற்று, பெட்டி ஓடியது. தொட்டுப் பார்த்தேன், குழந்தையின் நெற்றி போல இருந்தது. சாயந்திரம் எல்லா சைஸும் முடிந்தன. திங்கள் காலை மேனேஜர் ஆபீஸுக்கு வரும் முன்பே ஃபைல் போய்ச் சேர்ந்திருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் இந்த வாரம் நான் சந்தோஷமான கட்டுரை எழுதியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மேனேஜரே வீட்டுக்கு வந்தார். நெருப்பெரிச்சல் பக்கம் வேலையாக வந்தாராம், சாம்பிளைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று. பனியன் போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்து முதலில் சிரித்தார். அப்புறம் குனிந்து தொப்பியைக் கழற்றி, வெளியே ஒட்டியிருந்த பஞ்சையும் உள்ளே சுத்தமாக இருந்த விசிறியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சூப்பருங்க சார்! எங்க ஆபீஸ்ல, ஃப்ளோர்ல எல்லா சிஸ்டமும் இப்படித்தானுங்க சாவுது. மேடம், எல்லாத்துக்கும் இதே மாதிரி தெச்சுக் குடுங்க. சார், நீங்க வந்து ஓட்டை போட்டுக் குடுத்தீங்கன்னா..."

என் ஓட்டை போடும் திறமையை அவர் அறியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

மகேஸ் முந்திக்கொண்டார். "நம்ம கம்பெனி நிட்டிங்ல மெசின் ஓட்டறவங்களுக்கு என்னங்க குடுத்திருக்கறீங்க?"

"எதுக்குங்க மேடம்?"

"மூக்குக்குங்க."

"ஓ, அதுங்களா. மாஸ்க் குடுத்தமே. நல்ல தடிமனான துணிலதான் குடுத்தோம். போட மாட்டீங்கறாங்க. மூச்சு முட்டுதுன்னு கழுத்துல தொங்கவுட்டுக்கறாங்க. வடக்க இருந்து வந்த பசங்க, சொன்னாப் புரியறதில்லீங்க."

எனக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. தடிமனான துணியைக் கட்டியதும் இந்தப் பெட்டியும் மூச்சு முட்டித்தான் நின்றது. 'சொன்னால் புரியவில்லை' என்று அப்போது நாங்கள் பெட்டியைத் திட்டினோமா? துணியை மாற்றினோம். ஒரு கம்ப்யூட்டருக்குக் காட்டிய மரியாதை அது. வைகாசிக்கும் ஐப்பசிக்கும் இடையில் ஒரு விசிறியில் தோசை மாதிரிப் படிந்ததே, அந்தப் பஞ்சு விசிறியில் மட்டும்தான் படியுமா? விசிறியைத் திறந்து பார்க்க நான்கு திருகு போதும். ஆளை எப்படித் திறந்து பார்ப்பது? சனிக்கிழமை மகேஸ் அந்தத் துண்டை ஏன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது செவ்வாய்க்கிழமைதான் எனக்கு உறைத்தது.

இதைத்தான் மேனேஜரிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது.

"சார், கோவிச்சுக்காதீங்க... சிஸ்டம் நின்னா வேலை நின்னுருமுங்க."

"ஆளு நின்னா?"

"ஆளுக்கென்னங்க... மாத்து ஆளு வந்துருமுங்க."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மகேஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். முந்தின நாள்தான் தப்பித்த வேலை. மூன்று மாடி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பேசாமல் இருந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"தெச்சுத் தர்றனுங்க சார்," என்றார். "இந்த ஜெர்ஸித் துணிலயே. மொதல்ல நிட்டிங்ல இருக்கறவங்க எல்லாத்துக்கும், ஆளுக்கு ரெண்டு. ஒண்ணு மூஞ்சில, ஒண்ணு கொடியில. அது முடிஞ்சொடன சிஸ்டத்துக்குத் தெக்கறனுங்க."

"மேடம், சிஸ்டத்துக்குத்தானுங்க அவசரம்..."

"அப்பிடீன்னா சீக்கிரமாத் துணி அனுப்புங்க."

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மகேஸைப் பார்த்தார்.

"பாக்கலாமுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

துணி வருமா, வராதா, அடுத்த ஆர்டர் மகேஸுக்கு வருமா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் வண்டியை எடுத்தவுடன் மார்க்கரை எடுத்து, தகரத்தில் போட்ட ஒட்டின் மேல், 'பாக்கலாமுங்க' சொன்ன தேதியை எழுதி வைத்துவிட்டேன்.

அந்தச் சொல்லுக்கு வாரண்டி அன்றிலிருந்து ஆரம்பம்.